ரசத்தில் கலந்த பொடி

திண்டுக்கல்,
14.8.2002

மதிப்பிற்குரிய மச்சான் ஈஸ்வரன் அவர்களுக்கு, தங்கள் தங்கை கௌசல்யாவின் புருஷன் ஆண்டிச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே என் ரத்தத்தைத் தவிர மற்ற அனைவரும் நலம். தொப்பம்பட்டியில் தாங்களும் தங்கள் தென்னைகளும் நலமாயிருக்கப் பழனியாண்டவர் துணை நிற்பாராக.

நம்ம டைப் இன்ஸ்டிடியூட்டுக்கு இப்போது ஆள் வரத்துக் கூடியிருக்கிறது. கம்ப்யூட்டர் வந்தபின் ஈ கூட உட்காராத பெஞ்சில், எனக்கு ரத்தப் புற்றுநோய் என்று ஊருக்குத் தெரிந்த நாள் முதல் இடமில்லை. வருகிறவர்கள் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆளுக்கொரு வைத்தியமும் கொண்டுவருகிறார்கள். ஹார்லிக்ஸை நாங்கள் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போகும்போது கொடுத்துவிடுகிறோம். போன மாதம் கொடுத்த பாட்டில் ஒன்று நாலு வீடு சுற்றி, நசுங்கின மூடியோடு எங்களிடமே திரும்பி வந்தது. வைத்தியத்தைத்தான் யார் தலையிலும் கட்ட முடியவில்லை. பெருமாயி சித்தி கொய்யாக் கொழுந்து என்கிறாள். மரியசெல்வம் கழுதைப்பால் என்கிறார். கழுதையை மட்டும் நான் பிடிச்சுக்கிடணுமாம். பக்கத்துக் கடை சோலைமுத்து வந்து, "மனசைத் தளரவிடாதீக அண்ணே. இந்த மெஷினையெல்லாம் பின்னால என்ன செய்யப் போறீக?" என்றான். "எதுக்குப் பின்னாலடா?" என்றேன். "இல்ல, சும்மா கேட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஒரு மெஷினைத் தூக்கிக் கனம் பார்த்தான்.

இந்த லட்சணத்தில்தான் மதுரை ஆஸ்பத்திரியில் புது மாத்திரைப் பரிசோதனைக்கு என்னைச் சேர்த்தார்கள். பழைய மருந்தோடு கூட ஒரு புது மாத்திரை. அதிலும் பாதிப் பேருக்கு நெசமான மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு டாக்டரம்மாவுக்கே தெரியாதாம். பத்தாம் வகுப்பில் கூட எனக்கு இப்படி ஒரு பரீட்சை வந்ததில்லை. ஒரே நிபந்தனை: கஷாயம், லேகியம், பொடி எதுவும் வாயில் படக்கூடாது. பட்டால் பேரை அடித்துவிடுவார்கள்.

இங்கேதான் மச்சான், உங்க குடும்பம் உள்ளே வருது. போன மாசம் என்னைப் பார்க்க வந்தப்ப, உங்க ஊரு வைத்தியரோட பச்சைப் பொடியைப் பேப்பர்ல மடிச்சு உங்க தங்கச்சி கையில குடுத்துட்டுப் போனீங்க. போன செவ்வாக்கிழமை ரத்தம் எடுத்துப் பார்த்தா ஈரல் கெட்டுக்கிட்டு வருதுன்னு ரிசல்ட். "என்ன தின்னீங்க?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. "இட்லி"ன்னேன். அதுக்கு மேல என்னால யோசிக்க முடியலை. உடனே கௌசல்யா முன்னால வந்து, "ஏனுங்க டாக்டரம்மா, நான்தானுங்க பொடியை ரசத்துல கலந்து ஊத்தினேன். அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள்! அம்புட்டு நோயாளிகளுக்கும் முன்னால வச்சு அந்தம்மா அவளைக் கிழிச்சாங்க. "உன் புருஷனை நீயே கொல்லப் பார்த்தியா"ன்னு கேட்டாங்க. கடைசியில, "இவர் தெரிஞ்சு தின்னிருந்தா இன்னைக்கே பேரை அடிச்சிருப்பேன். தெரியாமத் தின்னதால ஒரு வாய்ப்பு. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்ப்போம், அந்தப் பொடியில என்னென்ன இருக்குன்னு கேட்டு வாங்க"ன்னாங்க.

ஆகவே வைத்தியரின் பரம்பரை ரகசியத்தை மரியாதையாகவோ, சட்டையைப் பிடித்தோ கறந்து, இலைகளின் பெயர்களை உடனே எழுதவும். கௌசல்யாவுக்கு அறிவு இல்லை. கௌசல்யாவுக்குப் பொறுமை இல்லை. கௌசல்யாவைப் போல ஒரு மனுஷப் பிறவியை நம்பி உயிரை வைத்திருக்கிறேனே என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, வைத்தியருக்கு இரண்டும் இல்லை.

இப்படிக்கு,
ஆண்டிச்சாமி

பின்குறிப்பு: மேலே உள்ளது டைப்பில் அடித்தது, கௌசல்யா படித்துப் பார்த்தது. இது தபாலாபீஸ் பேனாவால், இன்லேண்ட் லெட்டரின் ஒட்டுகிற மடிப்பில் எழுதுவது. மச்சான், ரசத்தில் யாரும் எதையும் கலக்கவில்லை. பொடியை அவள் அன்றைக்கே குப்பையில் போட்டாள். நான் பொறுக்கி எடுத்து டைப்ரைட்டர் உறைக்குள் ஒளித்து, தினம் ஒரு கரண்டி தின்றேன். எனக்கு வாய்ச்சது மாவு மாத்திரையாத்தான் இருக்கும்னு பயம். வேற ஒண்ணுமில்லை. மதுரையிலிருந்து திரும்புறப்ப, பஸ் கொடைரோட்டுல நிக்கையில, "உனக்கு எப்படித் தெரிஞ்சது?"ன்னேன். "இன்னைக்குக் காத்தாலதானுங்க மெஷின் உறையைத் தட்டும்போது பொட்டலத்தைப் பார்த்தேன். உங்களைக் கேட்டா இட்லின்னுதான் சொல்லுவீங்க"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. இந்த லெட்டரைப் படிச்சுட்டும், "இன்னும் காட்டமாத் திட்டுங்க, எங்கண்ணன் உங்களை ஈனமா நினைச்சிரக்கூடாது"ன்னா. அவளைத் திட்டின அந்த மூணு வரி அப்புறம் சேர்த்ததுதான்.

இலை பேரை மட்டும் சீக்கிரம் அனுப்புங்க. அந்த மூணு வரியில கௌசல்யான்னு வர்ற இடத்திலெல்லாம் என் பேரைப் போட்டு, இன்னொரு தரம் படிச்சிருங்க மச்சான்.