கவசத்துக்கு மேல் கம்பளித் தொப்பி

இணைய விளையாட்டை உருவாக்கியவர்கள் எல்லாவற்றையும் யோசித்துத்தான் உருவாக்கினார்கள், தொப்பி அண்ணை ஒருவரைத் தவிர.

ஹவுன்ஸ்லோவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். நான் அவருடைய மாணவன். ரவுண்டானாவைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் அப்போது எனக்கு இருந்தது. அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்துக்கொண்டே, கோபமே இல்லாமல், "தம்பி, கண்ணைத் திறந்தால் இன்னும் வடிவா ஓடலாம்" என்பார்.

ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது, ஞாயிறு மத்தியானங்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கம்ப்யூட்டரில் ஐந்து பேர் சேர வேண்டிய ஆட்டம் ஒன்று, அரக்கர்களைக் கொல்வோம், இப்போது ஓர் ஆள் குறைகிறது என்றேன்.

"நானும் வரலாமோ?"

பிரேக் அவர் காலடியில் இருந்தது. வாங்க என்றேன்.

எங்கள் குழுவில் ஆளுக்கொரு வேலை. என் ஆபீஸ் நண்பன் முரளி கேடயத்தோடு முன்னால் நின்று அடி வாங்குவான். இன்னொரு நண்பன் கார்த்தி நெருப்பு வீசுவான். டாக்டர் வதனி பின்னால் நின்று எங்கள் காயங்களை ஆற்றுவார். நிஜத்திலும் அவர் டாக்டர், வாரம் முழுதும் செய்ததையே ஞாயிறன்று சம்பளமில்லாமல் செய்தார். நான் வில்லாளி, அதோடு தலைவன். தலைவன் என்றால் எல்லோருக்கும் ஞாபகப்படுத்தி மெசேஜ் போடுகிறவன்.

அண்ணை எடுத்தது கலப்புப் பாத்திரம். பாதி போர்வீரன், பாதி வைத்தியன். இதை எடுப்பவர்கள் ஒன்று உடம்பெல்லாம் இரும்பு போட்டுச் சண்டைக்குப் போவார்கள், அல்லது பட்டு அங்கி மாட்டி வைத்தியம் பார்ப்பார்கள். அண்ணை இடுப்புக்கு மேல் இரும்பு போட்டார், கீழே பட்டு. கையில் வாள், முதுகில் தூண்டில். காலில் நீச்சல் வேகத்தைக் கூட்டும் மீன்தோல் செருப்பு. தலையில், குளிர் தாங்கும் என்று எழுதியிருந்த ஒரே காரணத்துக்காக, குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பி. கல்யாண வீட்டுக்குப் போகும் வழியில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர் போல இருந்தார்.

"அண்ணே, ஒண்ணு அடிங்க, இல்ல வைத்தியம் பாருங்க" என்றான் கார்த்தி.

"என்ர காரில ரெண்டு பக்கமும் பிரேக் இருக்கு தம்பி. ஒண்டு காணும், போதும் எண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை."

"சரி, அந்த மீன்தோல் செருப்பு?"

"தண்ணிக்குள்ள விழுந்தால்?"

"பாலைவனத்துல நிக்கிறோம்ணே."

"இப்ப நிக்கிறம்" என்றார் அண்ணை.

வாளை ஓங்குவதற்கு முன் இடமும் வலமும் திரும்பிப் பார்ப்பார், காரில் கண்ணாடி பார்ப்பது போல. அவர் அடித்தால் அரக்கனுக்குச் சொறிந்துவிட்ட மாதிரி இருக்கும். அவருடைய வைத்தியமோ, சூடான கஞ்சியை ஊதி ஊதிக் கொடுப்பது போல மெதுவாக, அன்பாக, நாங்கள் செத்த பிறகு வந்து சேரும்.

பாலைவனம் தாண்டி அடுத்த கட்டத்தில் வந்த பனி டிராகனிடம் நாங்கள் வாராவாரம் தோற்றோம். கடைசியில் கார்த்தி போன் செய்தான்.

"மச்சான், இந்த ஞாயிறுதான் கடைசி. அப்புறமும் தொப்பி இருந்தா நானும் முரளியும் வேற குழுவுக்குப் போயிடுவோம்."

ஹவுன்ஸ்லோவில் ஒற்றை அறையில் இருந்த எனக்கு, வாரநாட்களில் வீட்டில் பேச்சுத் துணை மைக்ரோவேவ் மட்டும்தான். அதுவும் 'பீப்' என்ற ஒரே கருத்தைத்தான் சொல்லும். ஞாயிறும் போய்விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? "அண்ணே, தப்பா நினைக்காதீங்க" என்று கண்ணாடி முன் நின்று பழகிப் பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவனே தப்பாக நினைத்தான்.

ஞாயிறன்று ஆட்டம் தொடங்குமுன், "முடிஞ்சதும் உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்ணே" என்றேன்.

"ஓம் தம்பி, அவசரமில்லை, ஆறுதலாக் கதைப்பம்."

சண்டை பாதியில் இருந்தபோது வதனி வீட்டில் காலிங்பெல் அடித்தது. அவருடைய மைக் திறந்தே இருந்தது.

"பிள்ளை, வீட்டிலதான் நிக்கிறீங்களோ? மகளின்ர கலியாணத்துக்குச் சொல்ல வந்தனாங்கள்."

கல்யாணக் கார்டோடு வந்தவர்களை வாசலில் நிறுத்தி, டிராகனைக் கொன்றுவிட்டு வருகிறேன் என்று யாரால் சொல்ல முடியும்? "வாங்கோ, இருங்கோ" என்றார் வதனி. நாற்காலிகள் இழுபட்டன. கெட்டில் கொதித்தது. முரளி செத்தான். மாப்பிள்ளை கனடாவில் எஞ்சினியர் என்று தெரிந்துகொண்டோம். கார்த்தி செத்தான். கல்யாண மண்டபம் ஹாரோவில், பார்க்கிங் வசதி உண்டு. நான் செத்தேன். கவனிக்க ஆளில்லாத வதனியின் பாத்திரமும் நின்ற இடத்திலேயே விழுந்தது.

அடுத்து டிராகன் வழக்கம்போல் வாலை அடித்துப் பனித்தரையை உடைத்தது. அடியில் உறைகுளிர் ஏரி. அதில் அண்ணை மட்டும் நீந்திக்கொண்டிருந்தார். செருப்பு அவரை மிதக்க வைத்தது, தொப்பி குளிரைத் தாங்கியது. டிராகன் கடிக்கும். அவர் தனக்குத் தானே கொஞ்சம் வைத்தியம் பார்த்துக்கொள்வார். இடம் வலம் பார்ப்பார். ஒரு சொறி சொறிவார். டிராகன் மறுபடி கடிக்கும்.

நாங்கள் பிணங்களாகக் கிடந்து முதலில் சிரித்தோம். டிராகனின் உயிர்க்கோடு கடுகளவு கடுகளவாகக் குறைவதைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டு, விடாதீங்கண்ணே என்று கத்தத் தொடங்கினோம். முரளி எழுந்து போய்த் தோசை சுட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தான். சண்டை முடியவில்லை. வதனி வீட்டில் இரண்டாவது டீ ஊற்றினார்கள்.

உயிர்க்கோடு நூலளவு இருந்தபோது அண்ணை சொன்னார்: "வாள் முறிஞ்சு போச்சு தம்பி."

அந்த ஆட்டத்தில் அடிக்க அடிக்க ஆயுதம் தேயும். ஒரே சண்டையில் முறியும்வரை அடித்தவரை அன்றுதான் பார்த்தேன்.

"கையால குத்துங்கண்ணே" என்றான் கார்த்தி.

"கை என்னத்துக்கு? தூண்டில் கிடக்கு."

இடம் பார்த்தார். வலம் பார்த்தார். தூண்டிலால் ஒரு தட்டுத் தட்டினார். டிராகன் சரிந்தது. முரளி போட்ட கூச்சலில் என் ஹெட்செட் ஒரு காதோடு நின்றுபோனது.

விருந்தாளிகளை அனுப்பிவிட்டு வதனி ஓடி வந்தார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஆக்கள் வந்திட்டினம். எல்லாரும் செத்திட்டமோ?"

"நாம செத்துட்டோம். அண்ணன் ஜெயிச்சுட்டார்" என்றான் கார்த்தி. பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, அடுத்த ஞாயிறும் இதே நேரம்தானே?" என்றான்.

கண்ணாடி முன் பழகிய வசனத்தை நான் அங்கேயே மறந்தேன்.

"தம்பி, ஏதோ கதைக்கோணும் எண்டீங்கள்" என்றார் அண்ணை.

"ஒண்ணுமில்லண்ணே. டிரைவிங் டெஸ்ட் பத்தித்தான்."

"அதுக்கோ இவ்வளவு நடுக்கம்? கண்ணைத் திறந்து வைச்சிருங்கோ, காணும்."

கண்ணைத் திறந்து வைத்தேன். பாஸானேன்.

இப்போது என் வில்லாளியின் தலையிலும் குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பி ஒன்று இருக்கிறது, அண்ணை கொடுத்தது. வில்லாளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இரும்புத் தொப்பி போட்டால் குறி இன்னும் நன்றாக விழும். பாலைவனத்தில்கூட நான் அதைக் கழற்றுவதில்லை. வேர்க்கலையாடா என்று கார்த்தி கேட்கிறான். அவன் தலையிலும் ஒன்று இருக்கிறது.