இலையும் வேரும் இல்லாமல் வாழ்வது எப்படி

பரிணாமத்தின் உச்சம் மனிதன் என்பது மனிதனே கிளப்பிவிட்ட வதந்தி. உச்சத்தில் இருப்பது ஒரு மஞ்சள் கொடி. இலை கிடையாது, வேர் கிடையாது. பக்கத்துச் செடியைச் சுற்றி வளைத்து, அதன் சாற்றை உறிஞ்சி, சகல சௌபாக்கியங்களோடும் வாழ்கிறது.

இந்த மகத்தான உயிரின் மரபணுத் தொகுதியை எழுத்தெழுத்தாகப் படித்தவள், தாவரவியல் நிறுவனத்தின் ஆய்வு மாணவி. கொடியைத் தேடி முட்புதருக்குள் புகுந்து கைகளைக் கிழித்துக்கொண்டாள். கண் பூத்துப்போகும்வரை கணினி முன் உட்கார்ந்தாள். கட்டுரையில் முதல் பெயர் அவளுடையதாக இருந்தால்தான் முனைவர் பட்டம். அது நிறுவன விதி.

கட்டுரையோடு அவள் போனபோது இயக்குநர் 'ஆராய்ச்சியில் மூழ்கி' இருந்தார். கதவுச் சத்தத்தில் விழித்துக்கொண்டார்.

"அந்தக் கொடிகிட்ட என்னென்ன மரபணு இல்லைன்னு கண்டுபிடிச்சே?"

"இலை விரிக்கிறது, வேர் விடறது... சொந்தமா உழைக்க வேண்டியது நெறைய காணோம் சார்."

"எங்கே போச்சு?"

"தேவைப்படலை. உதிர்ந்துபோச்சு."

"அடடா, என்ன சிக்கனம்! நிர்வாகத்துக்கே பாடம்மா இது!" கண் கலங்கிய இயக்குநர், பேனாவை எடுத்தார். முதல் பெயரை அடித்தார். தன் பெயரை எழுதினார்.

"சார், அது என் இடம்..."

"இடம் பிடிக்கிறதாம்மா ஆராய்ச்சி? கூட்டு முயற்சி! கடைசியில 'நன்றி'ன்னு போட்டு உன்னைத்தான் சொல்லப்போறேன்."

"நீங்க அந்தக் கொடியைப் பாத்ததுகூட இல்லையே சார்."

"கடவுளைக்கூடத்தான் பாத்ததில்லை. இல்லைன்னு சொல்லிடுவியா?"

இத்தகைய வாதத்துக்கு விஞ்ஞானத்தில் பதில் இல்லை.

கட்டுரை வெளிவந்தது. உலகம் வியந்தது. நிறுவனம் பாராட்டு விழா எடுத்தது. இயக்குநர் பெரிய பூச்செண்டை அணைத்தபடி 'தன் உழைப்பை'ப் பற்றி உருக்கமாகப் பேசினார். மைக் ஒயர் அவர் காலைத் தடுக்காமல் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு அவளுக்கு வழங்கப்பட்டிருந்தது.

நிருபர் ஒருவர் எழுந்தார். "சார், அந்தக் கொடி எப்போ பூக்கும்?"

இயக்குநர் கூரையைப் பார்த்தார். கூரைக்கும் தெரியவில்லை. மைக்கை அவள் பக்கம் தள்ளினார். "இந்த மாதிரிச் சில்லறை விஷயமெல்லாம் நம்ம பொண்ணு சொல்லும்."

அவள் ஒயரைக் கீழே போட்டுவிட்டு மைக்கை வாங்கிக்கொண்டாள். பட்டம் போயாயிற்று. இனிமேல் போவதற்கு ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அதுக்குத் தானா பூக்கத் தெரியாதுங்க. எப்போ பூக்கணும்னு சொல்ற மரபணுவையும் தொலைச்சிடுச்சு. தாங்கற செடி பூக்கிற நேரம் பாத்து, அந்தச் சேதியை உறிஞ்சி, தானும் பூத்து நிக்கும்."

"அதிசயமா இருக்கே! நேர்ல பாக்க முடியுமா?"

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க," என்றாள் அவள். "பூச்செண்டோட."