பத்மாவின் வலது கன்னத்து மங்கு

சிட்னியின் புறநகரான கெல்லிவில்லில் வசிக்கும் பத்மாவின் வலது கன்னத்தில் ஒரு மங்கு இருந்தது. மகள் பிறந்தபோது விருந்தாளியாக வந்து, நிரந்தர வதிவிடம் பெற்றுவிட்ட மங்கு. தங்கைக்குத் திருச்சியில் கல்யாணம் நிச்சயமானதும், அதை நாடுகடத்துவதென்று முடிவாயிற்று.

தோல் மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்தார். "பொறுமையா போடுங்க. தொப்பி, சன்ஸ்கிரீன் இல்லாம வெளிய போகாதீங்க. வெயில் பட்டா திரும்ப வந்துடும்."

மாதக்கணக்கில் பொறுத்ததில் கன்னம் துலங்கியது. அப்போதுதான் பாஸ்போர்ட் காலாவதியானது தெரிந்தது.

இந்திய பாஸ்போர்ட் புதுப்பிக்கும் அலுவலகத்தில் அதிகாரி ராகவேந்திரா பழைய பாஸ்போர்ட்டையும் பத்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்க அடையாளம், வலது கன்னத்தில் கரும்படலம். எங்க மேடம் அது?"

"போயிடுச்சு சார்."

"எங்க போச்சு?"

"ட்ரீட்மெண்ட் எடுத்தேன்."

"அரசாங்கப் பதிவுல இருக்கறதை முன் அனுமதி இல்லாம நீக்கியிருக்கீங்க!"

"என் கன்னம் சார் அது."

"கன்னம் உங்களுது மேடம். அடையாளம் எங்களுது. மங்கோட வாங்க."

"கல்யாணம் அடுத்த மாசம் சார்!"

"அப்ப சீக்கிரமா வரவழைங்க."

கணவர் ஈஸ்வரமூர்த்தி புருவப் பென்சிலால் ஒரு மங்கு வரைந்து அனுப்பினார். ராகவேந்திரா அதை டிஷ்யூவால் துடைத்தார்.

"போலி அடையாளம் குற்றம். நான் பார்க்கலைன்னு வச்சுக்குங்க."

பத்மா விடவில்லை. தினமும் முறையிடப் போனாள். வரிசையோ நடைபாதையில், சிட்னியின் ஜனவரிக் கோடை வெயிலில். கேமராவுக்கு முகம் தெரிய வேண்டுமென்று தொப்பிக்குத் தடை. முகம் பளபளக்கிறதென்று சன்ஸ்கிரீனுக்கும் தடை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் ராகவேந்திரா இருக்கையிலிருந்து துள்ளி எழுந்தார்.

"வந்துடுச்சு மேடம்!"

டிஷ்யூவால் தேய்த்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்க்கவும் தயாரானார். பத்மா முறைத்ததால் விட்டுவிட்டார்.

"அசல்!" என்று முத்திரை குத்தி, 'மேற்படி மங்கு உரிய இடத்தில் மீண்டும் பணியில் சேர்ந்தது' என்று குறிப்பும் எழுதினார்.

பத்மா மங்கும் மகிழ்ச்சியுமாகக் கல்யாணத்தில் நின்றாள். புகைப்படக்காரர் காலத்துக்கேற்ற கலைஞர். எல்லா முகங்களையும் கணினியில் கழுவி, வெளுத்து, இஸ்திரி போட்டே ஆல்பத்தில் ஒட்டினார்.

ஆல்பம் வந்த அன்று திருச்சியிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"ஏன்டி, அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தியே, ஒரு படத்துலகூட உன்னைக் காணோமே! பெரிய மாப்பிள்ளை பக்கத்துல எவளோ ஒருத்தி உன் பட்டுப்புடவையைக் கட்டிக்கிட்டு இளிக்கிறா. யாருடி அவ?"