காயில் அண்ணனும் காலி சீட்டும்

தீம் பார்க்குக்குப் போய் ஒரு ராட்டினத்திலும் ஏறாமல், ஒரு சறுக்கிலும் வழுக்காமல், ஏறி வழுக்கிய எல்லாரையும்விடக் களைத்துப்போய்த் திரும்புகிற மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் கம்பம் கடைவீதியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற அண்ணன். இன்னொருவர் இருக்கிறார் என்று நீங்கள் சொன்னாலும் நான் நம்புவதாக இல்லை.

அவருக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எதிர்க்கடையில் ஜெராக்ஸ் மிஷின் வைத்திருந்த நான் அவருடைய ஆதார் அட்டையைப் பலமுறை நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எடுத்த மறு நிமிடமே பெயர் மறந்துவிடும். ஊருக்கே அவர் காயில் அண்ணன். சுற்றுவட்டாரத் திராட்சைத் தோட்டங்களில் எந்தக் கிணற்று மோட்டார் கருகினாலும் அவர் கடை வாசலில்தான் வந்து இறங்கும். நாள் முழுக்கச் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தோட்டக்காரர்கள் தண்ணீர் பாயவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு நின்றாலும் அசைய மாட்டார்.

அந்தப் பொறுமையெல்லாம் கேமராவைக் கையில் எடுக்கும் வரைக்கும்தான்.

மதுரைக்குப் போய் வாங்கி வந்த கேமரா. முழ நீளத்துக்கு ஒரு லென்ஸ். வாங்கிய ஒரே வாரத்தில் அதைத் தன் தொழிலுக்குத் தக்கபடி மாற்றிவிட்டார். தோள்வாரில் காயிலுக்குச் சுற்றுகிற வெள்ளை நாடாவைச் சுற்றி, அதன் மேல் வார்னிஷ் அடித்திருந்தார். லென்ஸ் மூடி தொலையாமல் இருக்கச் செம்புக் கம்பியில் ஒரு முடிச்சு. பேட்டரிக் கதவு திறந்துகொள்ளாமல் இருக்கக் கறுப்பு டேப். மொத்தத்தில், அது கேமரா என்று அவர் சொன்னால்தான் தெரியும்.

இந்தக் கோலத்தில் அது கேரளத்து தீம் பார்க் வாசலுக்குப் போனால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா முடிந்ததும் கடைவீதி கொஞ்சம் மூச்சு விடும். அந்தச் சமயம் பார்த்து எங்கள் வரிசைக் கடைக்காரர்கள் எல்லாரும் ஒன்றாக ஷட்டரை இறக்கிவிட்டு, வேன் பிடித்து, புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு, குமுளி மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கி தீம் பார்க்குக்குப் போவது வழக்கம். காயில் அண்ணன் கேமராவோடு வந்த முதல் வருடம், வாசலில் இருந்த செக்யூரிட்டி அவர் பையைத் திறந்ததும் இரண்டடி பின்வாங்கினார்.

"சேட்டா, இதெந்தா?"

"கேமராங்க."

செக்யூரிட்டி அதை முகர்ந்து பார்த்தார். வார்னிஷ் வாடை. முகம் இன்னும் இறுகியது.

"பயப்படாதீக சேட்டா. தண்ணி தெறிச்சாலும் ஷார்ட் ஆகக் கூடாதுல்ல, அதுக்குத்தேன் வார்னிஷ். உங்க வீட்டு மோட்டாருல எப்பவாச்சும் கருகுன வாடை வந்திருக்கா?"

வந்திருந்தது. முந்தின வாரம்தான் வந்திருந்தது. நாங்கள் எல்லாரும் உள்ளே போய் உடை மாற்றி ஒரு தரம் நனைந்தும் முடித்துவிட்டோம். அண்ணன் இன்னும் வாசலிலேயே நின்று அந்த மனிதரின் வீட்டு மோட்டாருக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வருடங்களில் அந்த செக்யூரிட்டி எங்கள் வேனைக் கண்டாலே சல்யூட் அடித்தார்.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்டால், ஒரே ஒரு படத்துக்கு. அவர் மனைவி வாய்விட்டுச் சிரிக்கிற படம் ஒன்று அவருக்கு வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

மதினி பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை. அவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றால் மதில்மேல் இருக்கிற காக்காய்கூட வரிசையாக உட்காரும். வீட்டில் நன்றாகத்தான் பேசுவார், சிரிப்பார். கேமராவைக் கண்டால் மட்டும் முகம் ஆண்டுவிழா குரூப் போட்டோவுக்கு நிற்கிற முகமாகிவிடும். அவர்கள் கல்யாண ஆல்பத்தை நான் பார்த்திருக்கிறேன். தாலி கட்டும்போதுகூட மாப்பிள்ளை வீட்டுப்பாடம் எழுதி வந்திருக்கிறாரா என்று பார்ப்பது போலத்தான் இருக்கிறார்.

"கல்யாணமான புதுசுல இதே பார்க்குக்கு வந்தோம் தம்பி. கொலம்பஸ்ல ஏறுனோம்" என்று வேன் லோயர் கேம்ப் தாண்டும்போது ஒவ்வொரு வருடமும் அண்ணன் ஆரம்பிப்பார். கொலம்பஸ் என்றால் கப்பல் மாதிரி இருக்கும், முன்னும் பின்னும் வானத்துக்கும் பூமிக்குமாக ஆடுமே, அந்த ராட்டினம். "டீச்சரு சிரிச்சா பாரு, அப்படி ஒரு சிரிப்பு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. எங்கிட்ட அப்பக் கேமரா இல்ல. அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இந்தச் சிரிப்ப எடுக்காம விடுறதில்லேன்னு."

"இப்பத்தேன் எல்லாருகிட்டயும் செல்லு இருக்கே அண்ணே?"

"செல்லுல எடுத்தா செல்லுலயே கெடக்கும். போடா அங்கிட்டு."

ஆக, வருடா வருடம் கொலம்பஸ்தான். அண்ணன் ஏற மாட்டார். மோட்டாரோடு பிறந்து வளர்ந்தவருக்கு மோட்டார் மேல் துளி நம்பிக்கை கிடையாது. "நாஞ் சோதிக்காத மோட்டார நம்பி உசுரக் குடுக்கச் சொல்றியா?" என்பார். கீழே கம்பி வேலியில் முழங்கையை ஊன்றி நின்றுகொள்வார். மதினியைக் கப்பலின் கடைசி வரிசையில், வெளிச்சம் விழுகிற ஓரத்தில் உட்கார வைப்பார். மதினிக்குப் பக்கத்துச் சீட்டு மட்டும் காலியாக இருக்க வேண்டும். அது சட்டம். யாராவது தெரியாமல் அங்கே போய் உட்கார்ந்தால் கீழேயிருந்தே கத்துவார்.

"ஏலே, எந்திரி! அங்கன உக்காராத! ஃப்ரேம் கெட்டுப்போகும்!"

கப்பல் ஆடும். சுற்றிலும் எல்லாரும் அலறுவார்கள், சிரிப்பார்கள், சாமி பெயர்களைக் கூப்பிடுவார்கள். நடுவில் மதினி மட்டும் பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு உட்கார்ந்தவரைப் போல நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். "டீச்சர், சிரி! டீச்சர், சிரி!" என்று அண்ணன் கீழேயிருந்து கெஞ்சுவார். கெஞ்சக் கெஞ்ச அந்த முகம் இறுகும்.

ஒரு வருடம் சிரிப்பு மாட்டிவிட்டது. என்ன, அது வேறொருவர் மனைவியுடைய சிரிப்பு. லென்ஸ் மதினியை விட்டுவிட்டு முன் வரிசைப் பெண் ஒருத்தியைப் பிடித்திருந்தது. கப்பல் நின்றதும் அந்தப் பெண்ணின் கணவர், பாலக்காட்டுக்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்றெ பார்யயுடெ ஃபோட்டோ எடுத்தோ?"

அண்ணன் கேமராவை அவர் முன்னால் நீட்டிவிட்டார். அடி விழப்போகிறது என்று நாங்கள் நெருங்கி நின்றோம். அந்த மனிதர் படத்தைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இவள் இங்கனெ சிரிக்குமோ?" என்று எங்களையே கேட்டார்.

அந்தப் படம் அவருக்கு வாட்ஸப்பில் போனது. இன்றைக்கும் ஓணம் வந்தால் பாலக்காட்டிலிருந்து காயில் கடைக்கு நேந்திரங்காய்ச் சிப்ஸ் வருகிறது. சிப்ஸைத் தின்னும்போதெல்லாம் அண்ணன் முகத்தில் ஒரு வருத்தம் தெரியும். ஊரார் மனைவிகள் எல்லாம் எவ்வளவு சுலபமாகச் சிரிக்கிறார்கள்!

இடையிடையே எங்களையும் எடுப்பார். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. எங்கள் வரிசை அரிசிக் கடை முதலாளிக்கு மீசையும் குரலும் பெரிசு. குழந்தைகள் போகிற குட்டி ரயிலில் அவர் முன் கம்பியைக் கட்டிப்பிடித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிற படம் காயில் அண்ணனிடம் இருந்தது. அதற்குப் பிறகு காயில் கடையில் யாரிடமும் முதலாளி குரலை உயர்த்தியதில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தால் அது ஒரு வேடிக்கையாகவே முடிந்திருக்கும். ஒரு மே மாதம், வேன் மலை வளைவில் ஏறிக்கொண்டிருக்கும்போது மதினி முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"இந்த வருசத்தோட சரிங்க. மூட்டு சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது. அடுத்த வருசம் நான் கீழ உக்காந்து எல்லாரு பையவும் பாத்துக்கிருவேன்."

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு கேமராவை எடுத்து, சுத்தமாக இருந்த லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். குமுளி வந்து, டீக்கு இறங்கி, மறுபடி வேனில் ஏறிய பின்னும் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது. வழக்கமான கொலம்பஸ் கதையை அன்றைக்கு அவர் சொல்லவும் இல்லை.

அன்றைக்கென்று பார்க்கில் கூட்டம் நெரிந்தது. கப்பலில் மதினி தன் மூலைக்குக் கம்பியைப் பிடித்துப் பிடித்துப் போய் உட்கார்ந்தார். கீழே வரிசை வேலியைச் சுற்றி நீண்டது. கப்பலை ஓட்டுகிற ஆள் வந்து காலி சீட்டைப் பார்த்தான்.

"இதில் ஆளு வேணம் சேட்டா. காலி விட பற்றில்ல."

"தம்பி, தம்பி, இந்த ஒரு ரவுண்டு மட்டும்" என்று அண்ணன் வேலிக்கு மேலே எக்கினார். "பெறகு ஒன்னக் கேக்கவே மாட்டேன். ஒன் வீட்டு மோட்டாரு கருகுனா நாஞ் சும்மாவே கட்டித் தாரேன்."

அவன் அசையவில்லை. வரிசையில் அடுத்து நின்ற தடித்த மனிதர் ஒருவரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டான். அண்ணன் முகம் செத்துவிட்டது. அப்போது மேலேயிருந்து மதினியின் குரல் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரல்.

"வேற யாரும் வேணாம். ஏங்க, நீங்க வாங்க."

"நானா? நான் வந்தா படம்?"

"தம்பி எடுக்கட்டும். வாங்கன்னா வாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஜெராக்ஸ் எடுத்தாலே ஒரு ஓரம் கறுப்பாக விழும் என்பது அவருக்குத் தெரியும். பின்னால் வரிசை கூச்சல் போட்டது. வேறு வழியில்லாமல் கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். வார்னிஷ் அடித்த நாடா கழுத்தை அறுத்தது.

"இந்தப் பொத்தான அமுக்கி அமுக்கி விடு. அவ மூஞ்சிய மட்டும் பாரு. என்னயப் பாக்காத" என்று சொல்லிவிட்டு, தூக்குமேடைக்குப் போகிறவர் போல ஏறிப் போய் உட்கார்ந்தார். கம்பி இறங்கியதும் குனிந்து காதைச் சாய்த்துக் கேட்டார். கப்பல் லேசாகக் கிளம்பியது. அவ்வளவுதான்.

"பேரிங் சத்தம் வருதுடா! ஏலே, நிறுத்து! பேரிங் போச்சுடா!"

கப்பல் ஒரு பக்கம் ஏறியது. அண்ணன் மதினியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கப்பல் மறுபக்கம் ஏறியது. "ஆத்தா! ஆத்தா! டீச்சர், என்னய விட்றாத! மோட்டாரு கருகுது, எனக்கு வாடை வருது!" வாடை வந்தது பக்கத்துக் கடையில் பொரித்த பஜ்ஜியிலிருந்து. கப்பலில் இருந்த மலையாளிகள் எல்லாரும் திரும்பி அவரையே பார்த்தார்கள்.

மதினி முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, வாயைத் திறந்து சிரித்தார். அண்ணன் கத்தக் கத்தச் சிரிப்பு கூடியது. கண்ணில் தண்ணீர் வழிய, துடைக்கக் கையில்லாமல் சிரித்தார். ஒரு கை கம்பியில், இன்னொரு கையைத்தான் அண்ணன் விடவே இல்லையே. நான் பொத்தானை அமுக்கினேன். எதைப் பார்த்தேன், எதை அமுக்கினேன் என்று எனக்கே தெரியாது.

கீழே இறங்கி, வேலி ஓரமாக உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நாக்கு புரளத் தொடங்கியதும் முதலில் கேமராவைத்தான் கேட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஹரைசன் சாஞ்சிருக்கு."

"கப்பலே சாஞ்சிருந்துச்சுண்ணே."

"எவனோ ஒருத்தன் முழங்கை உள்ள வந்திருக்கு. என் தல பாதி வெட்டுப்பட்டிருக்கு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். மதினியின் முகம் திரை முழுக்க இருந்தது. அதற்குப் பிறகு அவர் குறை சொல்லவில்லை. மதினி பக்கம் திரும்பி, "எத்தன வருசம் டீச்சர் கெஞ்சிருப்பேன். இன்னைக்கு எப்படிச் சிரிச்ச?" என்று கேட்டார்.

"மொதல் தடவ எதுக்குச் சிரிச்சேன்னு நெனச்சீக? கப்பல் ஆடுனதுக்கா?" என்றார் மதினி, முழங்காலை நீவிக்கொண்டே. "அன்னைக்கும் பக்கத்துல உக்காந்து இப்படித்தேன் ஆத்தா ஆத்தான்னு கத்துனீக. அப்புறம் கேமராவ வாங்கிக்கிட்டு கீழ போய் நின்னுக்கிட்டீக. பக்கத்துச் சீட்டக் காலியா வச்சுட்டு, சிரி சிரின்னா எப்படிங்க சிரிக்கிறது?"

நான் பஜ்ஜி வாங்கப் போகிற சாக்கில் நகர்ந்துவிட்டேன்.

அதன் பிறகு மதினி எந்த ராட்டினத்திலும் ஏறவில்லை. கடைகள் ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் கைக்குப் போனதில் எங்கள் வேனும் நின்றுபோனது. அந்த நெரிசலும் புளிச்சோற்று வாடையும் இப்போதும் மே மாதம் வந்தால் மனதைப் பிசைகின்றன. நான் ஜெராக்ஸ் மிஷினை விற்றுவிட்டுக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தேன்.

அந்தப் படம் காயில் கடைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. தன் முகத்தை வெட்டிவிட்டு மதினியை மட்டும் பிரிண்ட் போடத்தான் அண்ணன் பார்த்தார். மதினி விடவில்லை. கருகிய மோட்டாரோடு வருகிற தோட்டக்காரர்கள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "டீச்சரு தெரியுது. பக்கத்துல வாயப் பொளந்துக்கிட்டு இருக்காரே, அவரு யாருண்ணே?" என்று கேட்கிறார்கள். அண்ணன் கம்பி சுற்றுவதை நிறுத்தாமல், "யாரோ தெரியலப்பா, ஃப்ரேமுக்குள்ள வந்துட்டாரு" என்கிறார்.

கம்பத்தில் எனக்கு இப்போது வீடு இல்லை, கடை இல்லை. ஆனாலும் வருடத்துக்கு ஒரு தரம் பஸ் ஏறிவிடுகிறேன், அந்த யாரோ ஒருவரைப் பார்க்கத்தான்.