பாண்டி பஜாரில் நான் பண்ணிய பீல்

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் எனக்கு எப்போதுமே கௌரவப் பிரச்சினை உண்டு. போடாக்ஸ், ஃபில்லர் என்று அலுவலகத்துப் பெண்கள் பேசினால், இரண்டையும் போன வாரம்தான் போட்டுக்கொண்டவள்போலத் தலையாட்டுவேன். (ஃபில்லர் என்றால் பேனாவுக்கு மை ஊற்றுவது என்பதுதான் எனக்குத் தெரிந்தது.)

தம்பியின் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சுப் போட்டதும் மீதி இரண்டு முடிச்சை நாத்தனார் போட வேண்டும். மொத்த கேமராவும் என்னைப் பார்க்கப்போகிற அரை நிமிடம் அது. என் கன்னம் இரண்டிலும் மங்கு. அந்தக் கருந்திட்டுகளோடு ஆல்பத்தில் காலாகாலத்துக்கும் நிற்க எனக்கு மனசே வரவில்லை. பாண்டி பஜார் பக்கம் ஒரு கிளினிக்குக்குள் நுழைந்துவிட்டேன்.

வரவேற்பில் இருந்த பெண் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "பீல் பண்றீங்களா மேடம்?" என்றாள்.

என்ன பரிவு!

"ரொம்ப பீல் பண்றேம்மா. ஒரு வருஷமா."

"ஓ, ஒரு வருஷமா பண்றீங்களா? அப்ப ஸ்ட்ராங்காவே குடுத்துடலாம்."

காபியைச் சொல்கிறாள் என்று நினைத்து, "சர்க்கரை கம்மியா" என்றேன். அதையும் அக்கறையாக ஃபாரத்தில் எழுதிக்கொண்டாள்.

உள்ளே டாக்டரம்மா, "ஏற்கெனவே பழக்கம்தானே? நாலஞ்சு நாள் உரியும், தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும், தெரியும்" என்றேன். எது உரியும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முகத்தில் எதையோ தடவினார்கள். மிளகாய் அரைத்த கையால் தேய்த்ததுபோல எரிந்தது. காபி கடைசிவரை வரவில்லை.

வீட்டில் தம்பி கிளினிக் சீட்டைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். "அக்கா, இது தோலை உரிக்கிற பீல். நீ எந்த பீலைச் சொல்லித் தொலைச்ச?"

முகூர்த்தத்தன்று என் முகம் வேகவைத்த உருளைக்கிழங்குபோல உரிந்துகொண்டிருந்தது. மேக்கப் போட வந்தவள், "எங்க தொட்டாலும் கையோட வருது மேடம்" என்று பாதியில் நிறுத்திவிட்டாள். மணமேடையில் ஹோமப் புகை பட்டதும் எரிச்சலில் கண்ணீர் கொட்டியது. பெண்ணின் அம்மா உருகிப்போனார். "தம்பி மேல எவ்ளோ பாசம் பாருங்க!"

புகைப்படக்காரர் மட்டும் உருகவில்லை. "மேடம், தலையைக் கொஞ்சம் குனிஞ்சுக்குங்க. இன்னும் கொஞ்சம். இன்னும்..."

குனிந்தபடியே இரண்டு முடிச்சையும் போட்டேன். அவமானத்தில் அப்படியே மேடைக்கு அடியில் போய்விடலாம் என்றிருந்தது.

மங்கு இன்றைக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது. தம்பி மகளுக்கு இப்போது நாலு வயசு. போன வாரம் ஆல்பத்தைப் புரட்டியவள் அந்தப் படத்தில் நின்றுவிட்டாள். தாலி இருக்கிறது, என் இரண்டு கையும் வளையலும் இருக்கின்றன.

"அத்தை, இது உன் கைதானே? உன் மூஞ்சி எங்க?"

தம்பி செல்போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அதைப் பாண்டி பஜார்ல உரிச்சுக் குடுத்துட்டு வந்துட்டாடா செல்லம்."