ரெய்னோ வீட்டுப் புகைபோக்கியை நம்பிச் சீட்டைக் கவிழ்த்தது குறித்து

அன்பும் மரியாதையும் நிறைந்த ஐலி அக்காவுக்கு, தம்பி யால்மர் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் சில்வியும் நாயும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. அதைப் பற்றிக் கீழே வரும். ஃப்ளோரிடாவில் நீ காலுறை இல்லாமல் நடமாடிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது. எனக்குப் பிறகு வேலைக்கு வந்த பையன்கள் சாலையில் பனி தள்ளும் லட்சணத்தை ஜன்னல் வழியாகப் பார்த்து வயிறு எரிந்துகொண்டிருக்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் புகார் என்று ஆரம்பித்தாலே நீ அங்கத்திய வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

விஷயம் அப்பாவின் வேட்டைக் குடில் சாவிதான். மான் வேட்டை தொடங்க இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. சாவி யாரிடமோ அவனுக்குத்தான் அடுப்பை ஒட்டிய கீழ்ப்படுக்கை, யாரை அழைப்பது என்ற அதிகாரமும் அவனுக்குத்தான். அப்பா இருந்தவரை அப்படித்தான் நடந்தது. மற்றவன் ஏணியில் ஏறி, கூரை ஆணிக்கு மூக்கைக் காட்டிக்கொண்டு மேல்படுக்கையில் கிடக்க வேண்டியதுதான். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு அந்த ஏணியில் ஒருதரம் ஏறிவிட்டேன் என்றால் வேட்டைக் காலம் முடிந்து நான்கு பேர் வந்துதான் என்னைக் கீழே இறக்க வேண்டும். போதாததற்கு நம் தம்பி ரெய்னோ கையில் சாவி போனால் டெட்ராய்ட் மருமகனைக் கூட்டி வந்துவிடுவான். அந்தப் பிள்ளை சாப்பிடும்போது பேசுகிறான், மானுக்குக் காத்திருக்கும்போது பேசுகிறான், போன வருஷம் தூக்கத்திலும் பேசினான். நாங்கள் அண்ணன் தம்பி அடித்துக்கொள்வதைப் பார்த்து நீதானே தீர்ப்புச் சொன்னாய்? "குளிர்காலம் பூரா ரெண்டு பேரும் டேப்லட்டுல அந்தப் போக்கர் சீட்டாட்டத்தைத்தானே நோண்டிக்கிட்டு இருக்கீங்க, அதுலயே ஆடித் தீத்துக்குங்க, ஜெயிச்சவனுக்குச் சாவி, என்னைக் கூப்பிடாதீங்க" என்றாய். காசு கிடையாது, பந்தயம் கட்ட இருவருக்கும் சமமாக வில்லைகள், எல்லாம் ஒருவனிடம் போய்ச் சேரும்வரை ஆட்டம். உன் தீர்ப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது நடந்த விதத்தில்தான் குறை.

சனிக்கிழமை மதியம் நான் என் சமையலறையில் டேப்லட்டைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். வைக்கோல் வயலுக்கு அந்தப் பக்கம் ரெய்னோ அவன் வீட்டில் உட்கார்ந்தான். ஆரம்பத்தில் நான்தான் மேலே இருந்தேன். நடுவில் ஒரு ஆட்டத்தில் என் கையில் ஒரு மண்ணும் இல்லை. துணிந்து பாதி வில்லைகளைத் தள்ளினேன். ரெய்னோ யோசித்தான், யோசித்தான், மரம் முளைத்துவிடும்போல அவ்வளவு நேரம் யோசித்துவிட்டுச் சீட்டைக் கவிழ்த்தான். இது என்ன சாதாரணத் திறமையா? சில்வியிடம் சொன்னேன். கறி பொதிந்து சுடும் பாஸ்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள், "சவுனா சூடேறி எவ்வளவு நேரமாச்சு, விறகு சும்மா எரியுது, போய்க் குளிங்களேன்" என்றாள். பெண்களுக்கு விறகுக் கவலை. அன்று சனிக்கிழமை, வழக்கம்போலக் கொல்லைச் சவுனாவில் கல் காய்ந்து நீராவிக் குளியலுக்கு ஆகட்டும் என்று அடுப்பை மூட்டியிருந்தேன். அதற்காக ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டுவிட்டு யார் எழுந்து போவார்கள்?

அப்புறம்தான் அந்த ஆட்டம் வந்தது. என் கையில் ஒரு ராஜா, ஒரு ராணி. இருவருக்கும் பொதுவாக மேசையில் விழும் சீட்டுகளிலும் ஒரு ராஜா, ஒரு ராணி விழுந்தன. இரண்டு ஜோடி, நெஞ்சு குளிர்ந்துவிட்டது. ஐந்தாவதாக விழும் கடைசிச் சீட்டுக்கு ரிவர் என்று பெயர். அது ஆர்ட்டினாக வந்து தொலைந்தது. மேசையில் இப்போது மூன்று ஆர்ட்டின். அவன் கையில் இரண்டு ஆர்ட்டின் இருந்தால் ஐந்தும் ஒரே இனம், என் ராஜாவும் ராணியும் விறகுக்குக்கூட ஆகாது. நான் இப்படி எண்ணி முடிப்பதற்குள் ரெய்னோ தன்னிடம் இருந்த அத்தனை வில்லைகளையும் மொத்தமாகத் தள்ளிவிட்டான். என் முன்னால் இரண்டு பொத்தான். கால் என்று ஒன்று, ஈடு கொடுத்துப் பார்த்துவிடலாம். ஃபோல்டு என்று ஒன்று, கவிழ்த்துவிட்டு ஓடிவிடலாம். பக்கத்தில் ஒரு பச்சை வளையம் தேய்ந்துகொண்டே வந்தது. அது முடிந்தால் ஆட்டமே என்னைக் கேட்காமல் கவிழ்த்துவிடும். கால் பண்ணி அவன் கை வெறுங்கையாக இருந்தால் சாவி அப்போதே என் பையில். அவனிடம் ஆர்ட்டின் இருந்தால் ஏணி.

ரெய்னோ புளுகுவானா? அதுதானே கேள்வி. அவன் சாதாரணமாகப் பேசவே மாட்டான், புளுகுவதற்கு வாயைத் திறக்க வேண்டுமே. ஆனால் பொத்தானுக்கு வாய் வேண்டாம். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சனிக்கிழமை சாயங்காலம்! ரெய்னோ டேப்லட்டைச் சவுனாவின் முன்னறை பெஞ்சில் வைத்துவிட்டு, உள்ளே போய்க் கல்லில் தண்ணீர் ஊற்றி வியர்த்து, வெளியே வந்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி உள்ளே போகிறவன். சவுனாவில் நம் வீட்டார் யாரும் பொய் சொன்னதில்லை. சர்ச்சில் பொய் சொன்னால் பாதிரியாருக்குத்தான் கோபம் வரும், சவுனாவில் சொன்னால் கல்லுக்கே கோபம் வரும் என்று அப்பா நம் மூவரையும் மேல்பலகையில் உட்கார வைத்துச் சொன்னது உனக்கு மறந்திருக்காது. ஆகையால் அவன் சவுனாவில் இருந்தால் அவனிடம் ஆர்ட்டின் இருக்கிறது. வெளியே இருந்தால் எதுவும் நடக்கலாம். "பட்டுனு மொத்தத்தையும் தள்ளிட்டான்" என்று சில்வியிடம் கத்திக்கொண்டே எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன். இருட்டிக்கொண்டு வந்ததால் துப்பாக்கியில் மாட்டியிருக்கும் தொலைநோக்கி தேவைப்பட்டது. கழற்ற நேரமில்லை, துப்பாக்கியோடே பார்த்தேன். குண்டு போடவில்லை, சத்தியம்.

"தம்பி வீட்டைப் பாத்துத் துப்பாக்கி நீட்டுற அளவுக்கு என்னங்க ஆச்சு?" என்றாள் சில்வி.

"புகை வருதான்னு பாக்குறேன்."

"வருதே. எனக்கு இங்கிருந்தே தெரியுதே."

"சவுனா புகைபோக்கியா, வீட்டுப் புகைபோக்கியா?"

"சவுனாதான். அதுக்கும் சீட்டுக்கும் என்ன?"

"புகை வந்தா உள்ள இருக்கான். உள்ள இருந்தா பொய் சொல்ல மாட்டான்."

"கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அவரு பட்டுனு தள்ளிட்டாருன்னு இப்பத்தானே சொன்னீங்க? உள்ள போய் வேர்த்துட்டு வர்றவரு பட்டுனு எப்படித் தள்ளுவாரு?"

அக்கா, அவள் கேட்டது நியாயமான கேள்வி. கொஞ்சம் யோசித்திருந்தால் இன்றைக்குச் சாவி என் கையில் இருந்திருக்கும். ஆனால் வளையம் சிவப்பாகிவிட்டது, டேப்லட் கீச்கீச் என்று கத்துகிறது, என் கண்ணெதிரே வயலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் புகை அப்பாவின் குரல் மாதிரி நேராக மேலே போகிறது. கவிழ்த்தேன். என் ராஜாவையும் ராணியையும் நானே என் விரலால் கவிழ்த்தேன்.

உடனே அவன் சீட்டைத் திறந்து காட்டினான். கருப்பு ஏழு, கருப்பு மூன்று. ஆர்ட்டின் வாசனைகூட இல்லை. அடுத்தடுத்த ஆட்டங்களில் ஆத்திரத்தில் தள்ளித் தள்ளி மிச்சத்தையும் இழந்தேன். கோட்டுகூடப் போடாமல் வீட்டுச் செருப்போடு பனியில் வயலைக் கடந்து போனேன். ரெய்னோ சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தான். கம்பளிச் சட்டை, பித்தான் கழுத்து வரை. தலைமுடி பஞ்சு மாதிரி காய்ந்திருந்தது.

"தலை காஞ்சிருக்கு," என்றேன்.

"ம்."

"சவுனா?"

"சூடாகுது."

"சீட்டைத் தெறந்து காட்டினியே?"

"விரல் வழுக்கிடுச்சு."

எங்கள் கணக்கில் இதுவே பெரிய சண்டை. இதற்கு மேல் பேசினால் ஊர் சிரிக்கும் என்று திரும்பிவிட்டேன். ஆகவே அக்கா, உன்னை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஆள் இல்லாத சவுனாவில் புகை விடுவது பச்சை மோசடி. இதைச் சீட்டுத் தந்திரம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்பாவின் பெயருக்கே அவமானம். இந்த ஆட்டத்தைச் செல்லாது என்று நீ அறிவிக்க வேண்டும். மறு ஆட்டம் வைத்து, இருவரும் குளித்துவிட்டு வந்துதான் உட்கார வேண்டும் என்று உத்தரவு போட வேண்டும். இவ்வளவு கேவலமாக ஒரு தம்பி அண்ணனை ஏமாற்றுவான் என்று நான் நினைக்கவில்லை. மனசு உண்மையாகவே வலிக்கிறது.

உன் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. சில்வி உன் முதுகுவலியை விசாரிக்கச் சொன்னாள். நாய் வாலை ஆட்டியது, அதையும் சேர்த்துக்கொள். நீ நீண்ட நாள் நல்ல வெயிலில் வாழ வேண்டும்.

உன் தீர்ப்பை எதிர்பார்க்கும்
தம்பி யால்மர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ரெய்னோ துண்டோடு வந்துவிட்டான். அவன் சவுனாவில் கல் வெடித்துவிட்டதாம். இருவரும் என் சவுனாவில் உட்கார்ந்தோம். மூன்றாம் கரண்டி தண்ணீர் ஊற்றியதும் அவன் தன் ஆயுளிலேயே மிக நீளமாகப் பேசினான்: "அண்ணே, நீ பாதி வில்லையைத் தள்ளின ஆட்டத்துல என் கையில ரெண்டு ராஜா இருந்துச்சு. இந்தப் புகைபோக்கியைப் பாத்துட்டுத்தான் கவுத்தேன். நீ அப்ப உள்ள இருந்தியா?" கல்லுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு பொய் சொல்ல முடியுமா? இன்னொரு கரண்டி ஊற்றினேன். "இல்ல," என்றேன். "ம்," என்றான். ஆகவே மேலே உள்ள பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிடு, சாவி அவனிடமே இருக்கட்டும். முழங்காலைப் பற்றி எழுதியது மட்டும் முழு உண்மை; கீழ்ப்படுக்கையை எனக்கு விட்டுத்தரும்படி நீ அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார். சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிடு, உள்ளே இருக்கும்போது அவனால் மழுப்ப முடியாது. ஆனால் எடுத்தவுடன் கேட்டுவிடாதே. முதலில் தலை நனைந்திருக்கிறதா என்று கேள்.