துரைக்கு எழுதிய சீட்டு

வீட்டில் ரகசியமாகத் தின்ன நினைப்பவன் முதலில் சாட்சியைக் கவனிக்க வேண்டும். எங்கள் வீட்டுச் சாட்சி ஒரு கிளி.

என் ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று தெரிந்த நாளிலிருந்து என் மனைவி லோகப்பிரியா எண்ணெய்ப் பலகாரத்தை வாசற்படி ஏற விடுவதில்லை. நானோ பீளமேட்டில் ஆபீஸ் விட்டு வரும்போது முந்திரி வறுவலும் காரக்கடலையும் வாங்கி வருவேன். பொட்டலம் பிரிக்கும் சத்தம் கேட்டால் துரை கத்தித் தெருவையே கூட்டும். துரை, லோகப்பிரியா தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த சாம்பல் கிளி. வாயை அடைக்கப் பங்கு கொடுத்தேன். சரிபாதி. ஒப்பந்தம் எட்டு மாதம் ஓடியது.

போன மாசம் துரை, கம்புக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் உட்கார்ந்தது. தொப்பென்று விழுந்தது. வலது கண்ணில் வெள்ளைப் படலம். லோகப்பிரியா அன்று சோறு தின்னவில்லை.

பறவை டாக்டர் மிஸ்பா ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"கோளாறு கண்ணுல ஆரம்பிக்கலைங்க. ஈரல் கெட்டிருக்குது. ரத்தத்துல இருக்கற கொழுப்புத்தான் கண்ணுல படியுது. இப்படியே உட்டா இன்னொரு கண்ணும் போயிருமுங்க. என்ன தீனி போடறீங்க?"

தினையும் கீரையும்தான் என்றாள் லோகப்பிரியா. பொய் தொடர்ந்தால் துரைக்குக் கண் போகும். உண்மை வந்தால் எனக்கு நிம்மதி போகும். தண்ணீர் பாட்டில் எடுத்து வர அவளைக் காருக்கு அனுப்பிவிட்டு டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன்.

"சம்சாரத்துக்கிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

டாக்டர் சொல்லவில்லை. சீட்டு எழுதி லோகப்பிரியாவிடம் கொடுத்தார். மறுநாள் காலை அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். கொட்டை வகை கூடாது. வேகவைத்த கேரட், முருங்கைக்கீரை. கடைசியாக ஒரு வரி: கண் மங்கிய கிளி தனியாகத் தின்னாது, வீட்டில் ஒருவர் மூன்று வேளையும் அதையே எதிரில் உட்கார்ந்து சத்தமாக மெல்ல வேண்டும்.

"ஆரு மெல்றது?"

"நீங்கதானுங்க மாமா. அது உங்ககூடத்தானே நல்லாத் திங்குது."

மென்றேன். ஒரு மாதம். உப்பில்லாமல்.

நேற்று மறுபடி ரத்தம் பார்த்தார்கள். துரையின் இடது கண் தப்பியது. நான் நாலு கிலோ இளைத்திருந்தேன். மென்ற கதையைப் பெருமையாகச் சொல்லிச் சீட்டை நீட்டினேன். டாக்டர் இரண்டு தடவை வாசித்தார்.

"கடைசி வரி என்னோட கையெழுத்தே இல்லீங்களே."

லோகப்பிரியா என் முகத்தைப் பார்க்கவில்லை. கேரட் டப்பாவைத் திறந்து என் மடியில் வைத்தாள்.

"துரைக்குப் பசிக்குதுங்க மாமா. மென்னுங்க."